பெட்டியில் அச்சிட்ட வேகத்தைக் கடைசியாகப் பாருங்கள்: எஸ்எஸ்டி தேர்வுக்கு ஓர் எளிய விளக்கம்

எஸ்எஸ்டி (சுற்றும் தட்டுக்குப் பதில் சில்லுகளில் தகவலை வைக்கும் டிரைவ்) பெட்டியைக் கையில் எடுத்தால் முதலில் கண்ணில் படுவது ஒரு பெரிய எண்: 3,500, 7,000, 14,000. நொடிக்கு இத்தனை எம்பி படிக்கும் என்று பொருள். எண் பொய்யில்லை. ஆனால் ஒரே பெரிய கோப்பை, கிட்டத்தட்டக் காலியாக இருக்கும் டிரைவில், இடைவெளியில்லாமல் படித்தபோது கிடைத்த எண் அது. கம்ப்யூட்டர் பூட் ஆவதும் பிரவுசர் திறப்பதும் அப்படி நடப்பதில்லை. ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேடி எடுக்கும் வேலை அது.

ஹார்டு டிஸ்க் திணறுவது இந்த வேலையில்தான். நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும் தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி எடுக்கும். வேண்டிய இடம் படிக்கும் முனைக்குக் கீழே வர சராசரியாக அதில் பாதி நேரம் காத்திருக்க வேண்டும். அதற்கு முன் முனை சரியான தடத்துக்கு நகர இன்னும் 8, 9 மில்லிநொடி. ஆக, நொடிக்கு 80 முறை இடம் மாறிப் படித்தாலே பெரிய விஷயம். எஸ்எஸ்டியில் நகரும் பாகமே கிடையாது. சாட்டா என்ற பழைய இணைப்பு முறையில் ஓடும் சாதாரண எஸ்எஸ்டி, ஒன்று முடிந்தபின் ஒன்று என்று கேட்டாலும், நொடிக்கு 8,000 முதல் 10,000 முறை எடுத்துத் தரும். என்விஎம்இ என்ற புதிய முறையில் ஓடும் நல்ல எஸ்எஸ்டி 15,000 முதல் 20,000 வரை போகும். ஹார்டு டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறினால் நூறு மடங்கு. சாட்டாவிலிருந்து என்விஎம்இக்குப் போனால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. முதல் மாற்றத்தை வீட்டில் எல்லோரும் உணர்வார்கள். இரண்டாவதைப் பெரும்பாலும் ஸ்டாப்வாட்ச்தான் உணரும்.

ஆகவே பார்க்க வேண்டிய வரிசை வேறு. முதலில் உங்கள் கம்ப்யூட்டரில் என்ன பொருந்தும், அடுத்து எவ்வளவு இடம் வேண்டும், பிறகு உள்ளே இருக்கும் மெமரி எந்த வகை. பெட்டியின் எண் அதற்கெல்லாம் பிறகு.

ஸ்லாட்டில் தொடங்குங்கள்

தவறாக வாங்கித் திருப்பி அனுப்பப்படும் எஸ்எஸ்டிகளுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு குழப்பம்தான் காரணம்: "எம்.2 என்றால் என்விஎம்இதானே?" இல்லை. எம்.2 என்பது வடிவம். சூயிங்கம் பட்டை போன்ற மெல்லிய அட்டை, ஒரு முனையில் தங்க நிறத் தொடுபுள்ளிகள். அந்த அட்டை கம்ப்யூட்டரோடு பேசும் வழி இரண்டில் ஒன்று. பழைய சாட்டா வழியாகப் பேசினால் உச்சவரம்பு நொடிக்கு சுமார் 550 எம்பி. பிசிஐஇ தடங்கள் (மதர்போர்டில் உள்ள அதிவேகத் தகவல் பாதைகள்) வழியாக என்விஎம்இ முறையில் பேசினால் பல ஆயிரம் எம்பி. இரண்டு அட்டைகளும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஒரே ஸ்லாட்டில் நுழையவும் கூடும். நுழைந்துவிட்டது என்பதற்காக வேலை செய்யும் என்று இல்லை.

தொடுபுள்ளி விளிம்பில் உள்ள வெட்டுகளை எண்ணுங்கள். பொதுவாக ஒரே வெட்டு இருந்தால் அது என்விஎம்இ. இரண்டு வெட்டு இருந்தால் சாட்டா. தொடக்க கால என்விஎம்இ அட்டைகள் சிலவற்றில் இரண்டு வெட்டுகள் உண்டு என்பதால், லேபிளில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் படித்துவிடுங்கள். உங்கள் பக்கம் என்ன ஸ்லாட் இருக்கிறது என்பதற்கு நம்பகமான சாட்சி மதர்போர்டு அல்லது லேப்டாப்பின் கையேடு மட்டுமே. அதில் ஒவ்வொரு எம்.2 ஸ்லாட்டுக்கும் எதிரே சாட்டாவா, பிசிஐஇயா, இரண்டுமா, எந்தத் தலைமுறை, எத்தனை தடம் என்று இருக்கும். வைஃபை கார்டுக்கென்று ஒரு குட்டி எம்.2 ஸ்லாட்டும் இருக்கும். அதில் வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் எஸ்எஸ்டி நுழையாது. அழுத்தித் திணிக்க வேண்டாம்.

கையேட்டைத் திறந்தாயிற்று என்றால் இன்னும் சிலவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீளம் ஒன்று. 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். மேசைக் கம்ப்யூட்டர்களிலும் பெரும்பாலான லேப்டாப்களிலும் இதுதான். சின்ன லேப்டாப்களிலும் கையடக்கக் கேமிங் கருவிகளிலும் 2230 அல்லது 2242 இருக்கும். நீண்டதை வாங்கிவிட்டால் திருகு போட இடமிருக்காது. மிக மெல்லிய லேப்டாப் என்றால் அட்டையின் இரு பக்கமும் சில்லுகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். 2 டிபி, 4 டிபி மாடல்கள் சிலவற்றில் அடிப்பக்கத்திலும் சில்லு இருக்கும். அந்தத் தடிமனுக்கு லேப்டாப்பில் இடமில்லை என்றால் அட்டை வளையும்.

தலைமுறைகளைப் பற்றிக் கவலை வேண்டாம். நான்கு தடம் கொண்ட பிசிஐஇ 3.0 ஸ்லாட்டில் நடைமுறையில் சுமார் 3,500 எம்பி, 4.0-ல் 7,000-க்குச் சற்று மேல், 5.0-ல் 14,000 அளவு கிடைக்கும். புதிய டிரைவைப் பழைய ஸ்லாட்டில் போட்டால் ஸ்லாட்டின் வேகத்தில் ஓடும், அவ்வளவுதான். எதுவும் கெட்டுப்போகாது. ஆனால் இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் இரண்டு தடம் மட்டும் கொடுத்திருக்கும் லேப்டாப்கள் உண்டு; அங்கே வேகம் பாதியாகும்.

மேசைக் கம்ப்யூட்டரில் இன்னொரு பொறி இருக்கிறது. பல மதர்போர்டுகளில் குறிப்பிட்ட எம்.2 ஸ்லாட்டில் டிரைவ் போட்டவுடன் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் தானாக அணைந்துவிடும், இரண்டும் ஒரே தடத்தைப் பகிர்வதால். "புது எஸ்எஸ்டி போட்டேன், பழைய ஹார்டு டிஸ்க் செத்துவிட்டது" என்ற புலம்பலுக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும். கேபிளை வேறு சாட்டா போர்ட்டுக்கு மாற்றினால் டிஸ்க் உயிரோடு வந்துவிடும்.

எம்.2 ஸ்லாட்டே இல்லாத பழைய கம்ப்யூட்டரா? 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி போதும். லேப்டாப் ஹார்டு டிஸ்க் இருந்த இடத்தில் அப்படியே உட்காரும். தடிமன் 7 மில்லிமீட்டர். பிசிஐஇ அடாப்டர் அட்டையில் என்விஎம்இ போடலாம் என்று யாராவது சொல்வார்கள். தகவல் வைக்க அது சரிவரும். ஆனால் என்விஎம்இயிலிருந்து பூட் செய்ய மதர்போர்டின் ஃபர்ம்வேர் (உள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) ஆதரவு தர வேண்டும். பழைய போர்டுகள் பலவற்றில் அது இருக்காது.

எவ்வளவு இடம்

1 டிபி டிரைவை மாட்டினால் விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டும். ஏமாற்று இல்லை. தயாரிப்பாளர் 1,000-ன் மடங்கில் எண்ணுகிறார், விண்டோஸ் 1,024-ன் மடங்கில் எண்ணுகிறது. அதே கணக்கில் 500 ஜிபி என்பது 465 ஆகும்.

250 ஜிபி இப்போது யாருக்கும் பரிந்துரைக்கத் தகுந்ததல்ல. விண்டோஸ், அப்டேட்டுகள், நாலைந்து பெரிய மென்பொருள் என்று போட்டாலே பாதி இடம் தீர்ந்துவிடும். எழுத்து வேலை, இணையம், கொஞ்சம் புகைப்படம் என்றால் 500 ஜிபி தாங்கும். கேம் விளையாடுகிறவர்கள் 1 டிபிக்குக் கீழே போக வேண்டாம். ஒரே கேம் 100 ஜிபியைத் தாண்டுவது இன்று சாதாரணம். வீடியோ வெட்டி ஒட்டுகிறவர்களுக்கு 2 டிபி.

கொள்ளளவு என்பது இடம் மட்டுமல்ல, வேகமும் ஆயுளும்கூட. கட்டுப்படுத்தும் சில்லு ஒரே நேரத்தில் பல மெமரி சில்லுகளுக்கு எழுதுவதால்தான் வேகம் வருகிறது. சின்ன டிரைவில் சில்லுகள் குறைவு, ஆகவே எழுதும் வேகமும் குறைவு. பெட்டியில் போடப்படும் எண் பெரும்பாலும் அந்த வரிசையின் பெரிய மாடலுக்கு உரியது, "வரை" என்ற சின்னச் சொல்லோடு.

உள்ளே என்ன மெமரி

எஸ்எஸ்டியின் ஒவ்வொரு செல்லும் கொஞ்சம் மின்னூட்டத்தைப் பிடித்து வைக்கும் தொட்டி. ஒரு செல்லில் ஒரே பிட் வைத்தால் நிறைந்திருக்கிறதா காலியா என்று பார்த்தாலே போதும், அது எஸ்எல்சி. மூன்று பிட் வைக்க 8 மட்டங்கள் வேண்டும், அது டிஎல்சி. நான்கு பிட் என்றால் 16 மட்டங்கள், அது கியூஎல்சி. ஒரு டம்ளரில் 16 கோடு கிழித்துவிட்டு எந்தக் கோடு வரை தண்ணீர் இருக்கிறது என்று கேட்டால் குனிந்து நிதானமாகப் பார்க்கத்தான் வேண்டும். ஊற்றும்போதும் சொட்டுச் சொட்டாக ஊற்ற வேண்டும். அதனால்தான் கியூஎல்சி எழுதுவதில் மெதுவாகவும் சீக்கிரம் தேய்வதாகவும் இருக்கிறது. அதே அளவு சிலிக்கானில் அதிகம் அடங்குவதால் மலிவாகவும் இருக்கிறது.

இந்த மெதுவை மறைக்க ஒரு தந்திரம் உண்டு. காலியாக இருக்கும் செல்களில் ஒரு பகுதியைத் தற்காலிகமாக எஸ்எல்சி போல, ஒரு பிட் மட்டும் வைத்துப் பயன்படுத்துகிறார்கள். வரும் தகவல் முதலில் அங்கே வேகமாக இறங்கும். கம்ப்யூட்டர் சும்மா இருக்கும் நேரத்தில் டிரைவ் அதை நிதானமாகச் சரியான இடத்துக்கு மாற்றிக்கொள்ளும். எஸ்எல்சி கேஷ் என்பது இதுதான். அன்றாட வேலையில் இது அருமையாகச் செயல்படும். சிக்கல், கேஷ் நிறைந்த பிறகு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 டிபி கியூஎல்சி டிரைவில் 600 ஜிபி நிறைந்திருக்கிறது. மீதி 400 ஜிபி. நான்கு பிட் வைக்கும் செல்லில் ஒரு பிட் வைப்பதால் கேஷ் அதிகபட்சம் 100 ஜிபிதான் இருக்க முடியும். இப்போது 150 ஜிபி வீடியோவைக் காப்பி செய்கிறீர்கள். முதல் 100 ஜிபி நொடிக்கு 3,000 எம்பி வேகத்தில் அரை நிமிடத்தில் முடிகிறது. மீதி 50 ஜிபி 100 எம்பிக்கு விழுந்து எட்டு நிமிடத்துக்கு மேல் இழுக்கிறது. இந்த மீதியை ஹார்டு டிஸ்க்கே இதைவிட வேகமாக எழுதியிருக்கும். டிரைவ் நிறைய நிறைய கேஷ் இன்னும் சுருங்கும். நல்ல டிஎல்சி டிரைவ்கள் கேஷ் தீர்ந்தபிறகும் 500 முதல் 1,500 எம்பி வரை தாக்குப்பிடிக்கும்.

ஆகவே விண்டோஸ் இருக்கும் டிரைவுக்கும் வேலை டிரைவுக்கும் டிஎல்சி. ஒருமுறை எழுதிவிட்டு அதன்பின் படிக்க மட்டுமே செய்யும் கேம், பாட்டு, படச் சேமிப்புக்குக் கியூஎல்சி தாராளமாகப் போதும். அங்கே கூடுதல் பணம் கொடுப்பது வீண். விவரக் குறிப்பில் மெமரி வகையையே சொல்லாமல் வெறுமனே "3டி நேண்ட்" என்று மட்டும் எழுதியிருந்தால் கொஞ்சம் சந்தேகப்படுவது நல்லது. 3டி என்பது செல்களை மாடிமாடியாக அடுக்குவதைச் சொல்கிறது. செல்லுக்கு எத்தனை பிட் என்பதைச் சொல்லாது. இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: மாடல் பெயரை மாற்றாமலே உள்ளே இருக்கும் மெமரியையோ கட்டுப்பாட்டுச் சில்லையோ மாற்றிவிடும் வழக்கம் இந்தத் தொழிலில் உண்டு. இரண்டு வருடத்துக்கு முந்தைய சோதனை முடிவு இன்று விற்கும் டிரைவுக்குப் பொருந்தாமல் போகலாம்.

அடுத்து டிராம். எந்தத் தகவல் எந்தச் செல்லில் இருக்கிறது என்ற பட்டியலை டிரைவ் வைத்திருக்க வேண்டும். 1 டிபிக்கு அந்தப் பட்டியல் சுமார் 1 ஜிபி வரும். நல்ல டிரைவ்களில் அதை வைக்கத் தனி டிராம் சில்லு, அதாவது வேகமான தற்காலிக மெமரி, இருக்கும். டிராம் இல்லாத என்விஎம்இ டிரைவ்கள் கம்ப்யூட்டரின் சொந்த மெமரியிலிருந்து பெரும்பாலும் 64 எம்பி அளவில் கடன் வாங்கிச் சமாளிக்கும். இந்த ஏற்பாட்டுக்கு எச்எம்பி என்று பெயர். வீட்டு உபயோகத்துக்கு இது போதும், டிராம் இல்லை என்பதற்காக மட்டும் ஒதுக்கத் தேவையில்லை. ஆனால் சாட்டா டிரைவுக்குக் கடன் வாங்கும் வசதி கிடையாது. டிராம் இல்லாத சாட்டா எஸ்எஸ்டியில் விண்டோஸ் போட்டால் நிறைந்தபிறகு திக்கித் திணறும், அதைத் தவிர்த்துவிடுங்கள்.

ஆயுள் கணக்கு

ஃபிளாஷ் மெமரியில் சின்னப் பக்கங்களாக எழுதலாம். அழிக்கும்போது மட்டும் ஒரு பெரிய தொகுதியையே மொத்தமாக அழிக்க வேண்டும். கேமரா ஃபிளாஷ் போல ஒரே வீச்சில் அழிவதால்தான் 1980-களில் தோஷிபா ஆய்வகத்தில் இந்தப் பெயரே வந்தது. ஒவ்வொரு அழிப்பும் செல்லைக் கொஞ்சம் தேய்க்கும். டிபிடபிள்யூ என்ற எண் மொத்தம் எத்தனை டிபி எழுதும் வரை உத்தரவாதம் என்பதைச் சொல்கிறது. பல 1 டிபி டிஎல்சி மாடல்களில் இது 600. கியூஎல்சியில் 200 முதல் 360 வரை பார்க்கலாம்.

600 டிபிடபிள்யூ என்றால், தினமும் 30 ஜிபி எழுதினாலும் 20,000 நாள், அதாவது 54 வருடம். சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டர் தினமும் 30 ஜிபி எழுதுவதே அபூர்வம். டிபிடபிள்யூவைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. இரண்டு மாடல்களை ஒப்பிட ஓர் அளவுகோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். உத்தரவாதம் மூன்று வருடமா ஐந்து வருடமா என்பது இன்னும் தெளிவான அடையாளம்: தன் சரக்கைத் தயாரிப்பாளரே எவ்வளவு நம்புகிறார் என்று அதில் தெரியும்.

நடைமுறையில் எஸ்எஸ்டி சாவது பெரும்பாலும் செல் தேய்ந்து அல்ல. கட்டுப்பாட்டுச் சில்லு பழுதாகி, அல்லது ஃபர்ம்வேர் பிழையால், முன்னறிவிப்பே இல்லாமல் ஒரு நாள் காணாமல் போகும். 2019-ல் சர்வர்களுக்கான சில எஸ்எஸ்டி மாடல்கள் சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துப்போகும் என்று தெரியவந்தது. மணிக்கணக்கை வைத்திருந்த 16 பிட் எண் அந்த இடத்தில் நிரம்பி வழிந்துவிடுகிறது. ஃபர்ம்வேரைப் புதுப்பித்தவர்கள் தப்பினார்கள். ஹார்டு டிஸ்க் போலக் கடகடவென்று சத்தம் போட்டு எச்சரிக்கும் பழக்கம் எஸ்எஸ்டிக்கு இல்லை. அழித்த கோப்பை மீட்பதும் கடினம், ஏனென்றால் டிரிம் என்ற கட்டளை அழித்த இடத்தை டிரைவிடம் உடனே சொல்லிவிடுகிறது. டிரைவும் பின்னணியில் அதைத் துடைத்துவிடுகிறது. முக்கியமான கோப்புகளுக்கு வேறொரு டிரைவில் நகல் இருந்தே ஆக வேண்டும்.

அந்த நகலை எஸ்எஸ்டியில் எடுத்து அலமாரியில் பூட்டியும் வைக்காதீர்கள். மின்சாரம் இல்லாமல் கிடந்தால் செல்லின் மின்னூட்டம் மெல்லக் கசியும். மெமரி துறைக்கான ஜெடெக் அமைப்பின் தரநிலை வீட்டு உபயோக எஸ்எஸ்டியிடம் எதிர்பார்ப்பது, ஆயுள் தீர்ந்த நிலையில் 30 டிகிரி செல்சியஸில் ஒரு வருடம் தகவல் நிற்க வேண்டும் என்பதுதான். புது டிரைவ் அதைவிட வெகு காலம் தாங்கும். ஆனாலும் நீண்ட காலச் சேமிப்புக்கு ஹார்டு டிஸ்க்கே மேல்.

மாட்டும்போது

கம்ப்யூட்டரை அணைத்து மின் இணைப்பைக் கழற்றுங்கள். லேப்டாப் என்றால் உள்ளே இருக்கும் பேட்டரி இணைப்பையும் கழற்ற வேண்டும். கம்ப்யூட்டர் கேஸின் உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு அட்டையைச் சுமார் 30 டிகிரி சாய்வில் ஸ்லாட்டுக்குள் செலுத்துங்கள். தங்கப் புள்ளிகள் ஏறக்குறைய மறையும் வரை போக வேண்டும். பிறகு அழுத்திப் படுக்கவைத்துத் திருகு போடுங்கள். அந்தக் குட்டித் திருகு பெரும்பாலும் எஸ்எஸ்டி பெட்டியில் வராது. மதர்போர்டு பெட்டியில்தான் தேட வேண்டும். மதர்போர்டில் ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) இருந்தால் அதன் அடியில் உள்ள தெர்மல் பேடின் பிளாஸ்டிக் தாளை உரித்துவிடுங்கள். அதை உரிக்க மறந்துவிட்டு "சூடு குறையவில்லை" என்கிறவர்கள் நிறைய. டிரைவின் மேலிருக்கும் லேபிளை மட்டும் உரிக்காதீர்கள், உத்தரவாதம் போய்விடும்.

சூடு விஷயத்தில், 3.0 டிரைவ்களுக்கு ஹீட்சிங்க் அநேகமாகத் தேவையில்லை, 4.0-க்கு மதர்போர்டில் வருவது போதும், 5.0-க்குக் கட்டாயம். சூடானால் டிரைவ் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

புதிதாக விண்டோஸ் நிறுவுவதாக இருந்தால் மற்ற டிரைவ்களைக் கழற்றி வைத்துவிட்டு நிறுவுங்கள். இல்லாவிட்டால் பூட் பகுதி பழைய டிஸ்க்கில் போய் உட்காரும். பிறகு அந்த டிஸ்க்கைக் கழற்றிய நாளில் கம்ப்யூட்டர் எழாது. நிறுவும் திரையில் என்விஎம்இ டிரைவே தெரியவில்லையா? 11-ஆம் தலைமுறை முதல் வந்த இன்டெல் லேப்டாப்கள் பலவற்றில் டிரைவ்களைக் கையாளும் விஎம்டி என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருக்கும். அதற்கான இன்டெல் ஆர்எஸ்டி டிரைவர் மென்பொருளைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தால் டிரைவ் தெரியும், அல்லது பயாஸ் என்ற மதர்போர்டு அமைப்புத் திரையில் விஎம்டியை அணைக்கலாம். ஏற்கெனவே விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரில் மட்டும் அதை அணைக்கக் கூடாது. அந்த விண்டோஸ் பூட் ஆகாமல் போகலாம்.

பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் செய்வதாக, அதாவது முழு நகல் எடுப்பதாக, இருந்தால் முதலில் பிட்லாக்கரின் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொண்டு பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். குளோன் முடிந்ததும் பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு முதல்முறை பூட் செய்யுங்கள். கூடுதல் டிரைவாக மாட்டி, பயாஸில் தெரிந்தும் "திஸ் பிசி"யில் தெரியாவிட்டால் டிரைவ் கெட்டதல்ல. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் போய் ஜிபிடி என்ற பகுப்பு முறையில் தொடங்கிப் புது வால்யூம் உருவாக்க வேண்டும்.

பிறகு எஸ்எஸ்டிக்குப் பெரிய பராமரிப்பு இல்லை. பத்து, பதினைந்து சதவீத இடத்தைக் காலியாக விடுங்கள். சிதறிய கோப்புகளை ஒழுங்குபடுத்தும் டிஃப்ராக் மென்பொருள் எதுவும் வேண்டாம். விண்டோஸின் ஆப்டிமைஸ் வசதி எஸ்எஸ்டிக்குப் பெரும்பாலும் டிரிம்தான் அனுப்பும், அதை அணைக்க வேண்டாம். வருடத்துக்கு ஓரிரு முறை தயாரிப்பாளரின் மென்பொருளில் ஃபர்ம்வேர் புதுப்பிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இணையத்தில் நம்ப முடியாத விலைக்கு 16 டிபி வெளிப்புற எஸ்எஸ்டி என்று வருபவை அநேகமாக ஒரு பெட்டிக்குள் ஒட்டிய மைக்ரோ எஸ்டி கார்டுகள். கொள்ளளவைப் பொய்யாகச் சொல்லும்படி அவற்றை மாற்றியிருப்பார்கள். உண்மையான அளவு தீர்ந்ததும் எழுதுவதெல்லாம் காற்றோடு போகும். சந்தேகம் இருந்தால் எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற கருவியால் முழு டிரைவையும் எழுதித் திரும்பப் படித்துப் பாருங்கள், திருப்பி அனுப்பும் காலக்கெடு முடிவதற்குள்.

பழைய எம்.2 டிரைவ் மிஞ்சினால் யுஎஸ்பி கூடு ஒன்றில் போட்டு வெளிப்புற டிரைவாக்கலாம். நொடிக்கு 10 ஜிகாபிட் கூடு சுமார் 1,000 எம்பி தரும். டிராம் இல்லாத டிரைவ் யுஎஸ்பி வழியாக மெமரி கடன் வாங்க முடியாது என்பதால் கொஞ்சம் மந்தமாகும். என்விஎம்இக்கு மட்டுமான கூட்டில் சாட்டா எம்.2 வேலை செய்யாது, சாட்டாவுக்கு மட்டுமான கூட்டில் என்விஎம்இ வேலை செய்யாது. கூட்டை வாங்குவதற்கு முன்னும் அந்த வெட்டுகளை ஒருமுறை எண்ணிக்கொள்ளுங்கள்.